பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபியா, வயிற்றைத் திறந்து செய்வதா?

கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் அம்மாவுக்கு எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் லேப்ராஸ்கோபிதான். தொப்புள் அருகே ஒன்று, மேல்வயிற்றில் மூன்று என வழக்கமாக நான்கு சிறு துளைகள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்பவைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டே பித்தப்பையையே எடுப்பார்கள். பலர் மறுநாளே வீடு திரும்பிவிடுவார்கள். அந்த வாயுவால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்.

திறந்து செய்தால் வலது விலாவுக்குக் கீழே நீளமான வெட்டு, தேறப் பல வாரம். ஆனால் பை கடுமையாக வீங்கி ஒட்டிப்போயிருந்தால், துளையில் தொடங்கியவர்களே பாதியில் திறப்பதும் உண்டு. பித்தக்குழாயில் கத்தி பட்டுவிடக் கூடாதே! பாதியில் திறக்க நேரலாம் என்பது சம்மதப் படிவத்தில் இருக்கும், படித்துக் கையெழுத்திடுங்கள்.

அப்புறம், கோவையில் செய்தால் உடனே மலையேறி ஊர் திரும்ப வேண்டாம். மலைப்பாதை வளைவுகளில் தையல் இழுக்கும். இலை மூட்டையை எப்போது தூக்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள்.