தேவசித்தம் தெரியாமல் ஆறு மாதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். உங்கள் எழுத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். பதினேழு வயதில் இரட்சிக்கப்பட்டவன். இப்போது முப்பத்தெட்டு. அலுவலகத்தில் பதவி உயர்வு தருகிறார்கள். ஆனால் வேறு ஊருக்குப் போக வேண்டும். அம்மா எங்களோடு இருக்கிறார்கள். வயது எழுபத்து மூன்று, முழங்கால் சரியில்லை. போவதா இருப்பதா என்று ஆறு மாதமாக ஜெபிக்கிறேன். மூன்று முறை உபவாசம் இருந்தேன். கர்த்தர் ஒன்றும் பேசவில்லை. "உள்ளத்தில் எந்தப் பக்கம் சமாதானம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள்" என்கிறார் போதகர். திங்கட்கிழமை போகிற பக்கம் சமாதானம் இருக்கிறது. வியாழக்கிழமை இருக்கிற பக்கம் வந்துவிடுகிறது. "நீங்கள் ஜெபிக்கவில்லை, ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சபையில் வாராவாரம் யாராவது எழுந்து "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் பேசுவதில்லை? ஏதாவது மறைவான பாவமா? தவறான பக்கம் போய்விட்டால் மீதி வாழ்க்கை தேவசித்தத்துக்கு வெளியே, இரண்டாம் தரமாகவே போய்விடுமா? இந்த மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்.

அன்பான சகோதரருக்கு,

உங்கள் மனைவி சொன்னதை நீங்களே மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. நான் விசாரித்ததாக அவரிடம் சொல்லுங்கள்.

நானும் இதே குழியில் கிடந்தவன்தான். இருபத்தாறு வயதில், இருக்கிற வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகலாமா என்று தெரியாமல், ஒரு ராத்திரி வேதாகமத்தை மடியில் வைத்து, கண்ணை மூடி, ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தேன். ஒன்று நாளாகமம். இன்னாருடைய குமாரன் இன்னார், அவனுடைய குமாரன் இன்னார் என்று பக்கம் முழுக்கப் பெயர்கள். ஜெபம் போதவில்லை போல என்று நினைத்து, மறுபடி ஜெபித்துவிட்டுத் திறந்தேன். லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரம். தோலில் தடிப்பு, குஷ்டரோகம், ஆசாரியன் பார்த்துத் தீட்டு என்று தீர்க்க வேண்டிய முறை. மூன்றாம் தடவை கொஞ்சம் தந்திரமாக, புத்தகத்தின் நடுவைத் தாண்டித் திறந்தேன். தீர்க்கதரிசிகள் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள் என்று விரலுக்குத் தெரியும். ஏசாயா 43:19. "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் ராஜினாமா.

புதிய இடம் பதினோரு மாதம் தாங்கியது. கடைசி நான்கு மாதச் சம்பளம் வரவே இல்லை. கர்த்தர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று கோபத்தில் கொஞ்ச காலம் சபைக்கே போகவில்லை. ஆனால் சேர்ந்த புதிதில் சபையில் நான் சொன்ன சாட்சி இருக்கிறதே, அதில் ஏசாயா மட்டும்தான் இருந்தார். நாளாகமமும் லேவியராகமமும் வரவில்லை. வேண்டுமென்று மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கதையாகச் சொல்லும்போது அவை தானாக உதிர்ந்துவிட்டன. என் சாட்சியைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் யாராவது, "எனக்கு மட்டும் ஏன் பேசுவதில்லை" என்று உட்கார்ந்திருப்பார்கள் என்று அப்போது தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு அந்தக் கடைசி வரிசைதான் ஞாபகம் வந்தது.

அதனால் வாராவாரம் நீங்கள் கேட்கிற சாட்சிகளைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவை நடந்து முடிந்த பிறகு பின்னாலிருந்து சொல்லப்படுகிறவை, அவ்வளவுதான். ஒரு மூப்பரிடம் தனியாக ஒருதரம் கேட்டேன்: "கர்த்தர் பேசினார் என்கிறீர்களே, எப்படிப் பேசினார்?" அவர் சிரித்துவிட்டார். "மனசில் ஒரு எண்ணம் வந்தது தம்பி. செய்தேன், நல்லபடியாக முடிந்தது. அப்புறம் அப்படிச் சொல்லியே பழகிவிட்டது" என்றார். நேர்மையான மனுஷர். ஆனால் "எனக்குச் சரியென்று பட்டது" என்று சொன்னால் யாராவது மறுத்துப் பேசலாம், யோசனை சொல்லலாம். "கர்த்தர் சொன்னார்" என்றால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வார்த்தையை நம் சபைகளில் இவ்வளவு மலிவாகச் செலவழிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எரேமியா 23-ல் தங்கள் நாவின் சொல்லையே சொல்லி, அதை அவர் உரைத்தார் என்கிறவர்களுக்குக் கர்த்தரே விரோதமாக நிற்கிறார்.

விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் நம்மோடு பிறந்ததில்லை. கி.பி. 386-ல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தையின் குரலைக் கேட்ட அகஸ்டின், பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய ஆசிரியரானவர், பவுலின் நிருபத்தைத் திறந்தார், ரோமர் 13-ன் கடைசி வசனங்கள் கண்ணில் பட்டன, மனந்திரும்பினார். இதுவரை எல்லாப் பிரசங்கிகளும் சொல்வார்கள். அதே அகஸ்டின் ஆயரான பிறகு எழுதிய ஒரு கடிதத்தில், சுவிசேஷப் புத்தகத்தைத் திறந்து குறி பார்க்கிறவர்களைப் பற்றி, பிசாசுகளிடம் போவதற்கு இது பரவாயில்லை, ஆனாலும் உலகக் காரியங்களுக்குத் தேவ வசனத்தை இப்படிப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை என்ற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். இதை யாரும் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதில்லை. மொரேவியச் சபையார் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினர் 18-ம் நூற்றாண்டில் கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். 1818-ல் சாதாரண உறுப்பினர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பக்தியில் நமக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை அவர்கள்.

சமாதான விஷயத்தில் உங்கள் போதகரோடு நான் ஒத்துப்போகவில்லை. அவர் கொலோசெயர் 3:15-ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்: "தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது." இரண்டு வசனம் முன்னால் போய் வாசியுங்கள். ஒருவரையொருவர் தாங்குங்கள், ஒருவர்பேரில் ஒருவருக்குக் குறை இருந்தால் மன்னியுங்கள் என்று இருக்கிறது. ஆளக்கடவது என்பதற்கு மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல், விளையாட்டுப் போட்டியில் நடுவர் தீர்ப்புச் சொல்வதைக் குறிப்பது. ஒரு சபைக்குள் மனஸ்தாபம் வரும்போது யார் நடுவராக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு. மாற்றல் உத்தரவை வாங்குவதா வேண்டாமா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதற்கு எழுதிய வசனம் இல்லை அது. கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடின யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்துக்கு நூற்றுக்கு நூறு கீழ்ப்படிந்தவர் கெத்செமனேயில், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்றார். சமாதானத்தை வைத்துத்தான் தீர்மானிப்பது என்றால் யோனாதான் சித்தத்தின் மையத்தில் இருந்தான் என்று ஆகிவிடும். திங்கட்கிழமைச் சமாதானமும் வியாழக்கிழமைச் சமாதானமும் பெரும்பாலும் முந்தின ராத்திரி எவ்வளவு தூங்கினீர்கள் என்பதைத்தான் சொல்லும்.

ரூத்தின் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நான்கே அதிகாரம், அரை மணி நேரம்கூட ஆகாது. அதில் கனவு இல்லை, தூதன் இல்லை, தீர்க்கதரிசி இல்லை. யாரோடும் கர்த்தர் பேசுவதாக ஒரு வரி இல்லை. அவரே நேரடியாக ஒன்றைச் செய்ததாகக் கதை சொல்கிற இடங்கள் இரண்டுதான்: தம்முடைய ஜனத்தைச் சந்தித்து ஆகாரம் கொடுத்தார், கடைசியில் ரூத் கர்ப்பந்தரிக்க அநுக்கிரகம் பண்ணினார். நடுவில் நடப்பதெல்லாம் இரண்டு விதவைகள் வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசிப்பது. "நான் வயலுக்குப் போகட்டுமா" என்று ரூத் மாமியாரிடம் கேட்கிறாள். "என் மகளே, போ." அவ்வளவுதான் பேச்சு. எந்த வயல் என்று ஆறு மாதம் ஜெபிக்கவில்லை. போகிறாள், தற்செயலாய் அது, பின்னால் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற போவாசின் வயலாயிருந்தது என்கிறது வேதம். தற்செயலாய் என்ற அந்தச் சொல்லை எழுதினவருக்கு ஒரு குறும்புச் சிரிப்பு இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். மத்தியானம் அவளுக்கு வறுத்த கோதுமை கொடுக்கிறார்கள். திருப்தியாகச் சாப்பிட்டு, மீதியை எடுத்து வைத்துக்கொள்கிறாள். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கி, தட்டி அளந்து, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த மீதியை மாமியார் கையில் கொடுக்கிறாள். அந்த நாள் முழுவதும் தான் எந்தத் திட்டத்துக்குள் நடந்தோம் என்று அவளுக்குத் தெரியாது. தாவீது தன் கொள்ளுப்பேரனாக வரப்போவதும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் ஒரு வயதானவள் பசியோடு இருக்கிறாள் என்பதுதான்.

நிருபங்களில் "தேவனுடைய சித்தம் இதுதான்" என்று விரல் நீட்டிச் சொல்லுகிற இடங்களையும் எடுத்துப் பாருங்கள். பரிசுத்தமாயிருங்கள், 1 தெசலோனிக்கேயர் 4. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள், அதே நிருபம் 5. நன்மை செய்து புத்தியீனருடைய வாயை அடக்குங்கள், 1 பேதுரு 2. எந்த ஊர், எந்த வேலை என்று எங்கேயும் இல்லை. கல்யாணம் மாதிரி பெரிய காரியத்தில்கூடப் பவுல் ஒரு விதவைக்குச் சொல்வது, கர்த்தருக்குட்பட்டவனாயிருந்தால் உனக்கு இஷ்டமானவனைக் கட்டிக்கொள்ள உனக்கு விடுதலை உண்டு என்பதுதான். இஷ்டம் என்ற வார்த்தையை அப்போஸ்தலன் கூசாமல் சொல்கிறார். நமக்குத்தான் அதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. மறைவானவை கர்த்தருக்குரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று உபாகமம் 29:29 பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. நீங்கள் ஆறு மாதமாக அவருடைய பங்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்காக, கர்த்தர் தனியாக வழிகாட்டுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்போஸ்தலர் 16 இருக்கிறது. ஆனால் அங்கே பவுல் தரிசனத்துக்காகக் காத்து உட்கார்ந்திருக்கவில்லை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் போகவொட்டாமல் தடுக்கிறார், துரோவாவுக்கு வந்த பிறகு ராத்திரியில் தரிசனம். அந்தத் தரிசனம் கொண்டுபோய் விட்ட இடம் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலை. அடிபட்டு, கால் தொழுமரத்தில் மாட்டி. நம் ஆட்களாக இருந்தால் அன்றைக்கே "இது சித்தமில்லை போலிருக்கிறது" என்று மூட்டை கட்டியிருப்போம். (கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனியை வைத்து அடையாளம் கேட்டதை உதாரணம் காட்டாதீர்கள். அவனுக்குக் கட்டளை தெளிவாக முன்பே வந்துவிட்டது. உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக என்று பயந்துகொண்டேதான் இரண்டாம் தடவை கேட்கிறான்.)

இரண்டாம் தர வாழ்க்கை என்கிற பயம் இருக்கிறதே, அதுதான் உங்களை உண்மையில் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். எரேமியா 29:11 உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." யாருக்கு வந்த கடிதம் அது? கீழ்ப்படியாமல் போனதால் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. சித்தத்துக்கு வெளியே என்று ஒரு இடம் இருக்குமானால் அது பாபிலோன்தான். அங்கே வந்து சேருகிறது கடிதம்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். எழுபது வருடம் ஆகும் என்று பத்தாம் வசனத்தில் இருக்கிறது. வாசித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு அதிகாரம் முன்னால் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். ஜனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது கள்ளத் தீர்க்கதரிசனம். இனி உங்களுக்குக் கிடையாது என்று கர்த்தர் யாரையாவது தள்ளியிருந்தால் அது இவர்களாக இருந்திருக்க வேண்டும். இவர்களுக்குத்தான் அந்தப் பதினோராம் வசனமே. ஒரு மாற்றலை ஏற்றதாலோ மறுத்ததாலோ நீங்கள் அவர்களைவிடத் தூரமாகப் போய்விட முடியாது.

உங்கள் மறைவான பாவம் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். பாவம் இருந்தால் அறிக்கை செய்யுங்கள், அதற்கு மாற்றல் உத்தரவு வரக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மௌனத்தைத் தண்டனை என்று நினைக்காதீர்கள். யாக்கோபு தன் நிருபத்தில் கேட்கச் சொல்வது ஞானத்தை. தகவலை அல்ல. ஞானம் கேட்டவன் எழுந்து போய்க் கணக்குப் போட வேண்டும்: புது ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தியர் இருக்கிறாரா, மாடிப்படி உண்டா, மனைவியின் வேலை என்னாகும், அந்தப் பதவியில் உங்கள் மனசாட்சிக்கு ஒவ்வாதது ஏதாவது செய்யச் சொல்வார்களா, கையில் வருகிற கூடுதல் பணம் எதற்கு. இதெல்லாம் விசுவாசக் குறைவு இல்லை. போகலாம், இருக்கலாம். இரண்டுமே கர்த்தருக்குள் செய்யக்கூடியவை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. எது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் "கர்த்தர் அவர் மூலமாகப் பேசினார்" என்று ஆக்கிவிடுவீர்கள்.

ஒன்றே ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கர்த்தரிடம் கேட்டிருக்கிறீர்கள், போதகரிடம் கேட்டிருக்கிறீர்கள், என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். மனைவி கேட்காமலே சொல்லிவிட்டார். அம்மாவைப் பற்றி வயது இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. அவரிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.