தினமும் கில்ட்: நழுவாமல், கொசுவம் கலையாமல்

கேள்வி: எடின்பரோவில் வேலை பார்க்கிறேன். ஸ்காட்லாந்து ஆண்களின் கொசுவம் வைத்த பாவாடையான கில்ட்டைத் தினசரி உடையாகவே அணிய ஆசை. பேண்ட் அளவு சொல்லி வாங்கிய கில்ட் இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது. உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கக் கொசுவம் கசங்கிப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சிக்கல் அளவில் தொடங்குகிறது. பேண்ட் இடுப்பெலும்பின் மேல் நிற்கும். கில்ட்டின் இடம் அதற்கும் மேலே, தொப்புளை ஒட்டிச் சற்று உயரத்தில். கொசுவங்கள் இடையிலிருந்து புட்டத்தின் அகன்ற பகுதி வரை தைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழேதான் விரியும். கில்ட் கீழிறங்கினால் தைத்த பகுதி புட்டத்தில் இழுபட்டுக் கொசுவம் பிளக்கும். எனவே இடைச் சுற்று, புட்டச் சுற்று, இடையிலிருந்து முழங்கால் சிப்பியின் நடு வரை நீளம் ஆகிய மூன்றையும் இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் நீளம் தப்பும்.

வார்களில் கவனம் தேவை. முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு மடிப்புகளில், உள்மடிப்பின் வாரைத் துளை வழியே வெளியே எடுத்து இடப்பக்க பக்கிளில் இறுக்குங்கள். பிடிமானம் அங்கேதான். வலப்பக்க மேல்வாரும் இறுக்கமாக இருக்கட்டும். அதற்குக் கீழே மூன்றாவது வார் இருந்தால் தளர்வாகப் போடுங்கள். இறுக்கினால் கொசுவம் வாய் பிளக்கும். கில்ட் ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும்.

துணியின் தரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கஜத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளி அழகாகத் தொங்கும், ஆனால் ஹீட்டர் ஓடும் அலுவலகத்தில் வேர்க்கும். 13 அவுன்ஸ் போதும். 10 அவுன்ஸ் அந்த ஊர்க் காற்றில் பறக்கும், சீக்கிரம் கசங்கும். விழாக்களுக்கு 8 கஜம் வழக்கம். தினசரிக்கு 5 கஜமே நிறைவு. மெஷினில் துவைக்க வேண்டுமென்றால் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலிவிஸ்கோஸ் துணி எடுங்கள். மலிவான அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், அதில் கொசுவம் நிற்காது.

உட்காரும்போது புறங்கையால் கொசுவத்தைக் கீழ்நோக்கி நீவிவிட்டு உட்காருங்கள். முன்பக்கத்தை ஸ்போரனின் (இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் பை) எடை கால்களுக்கிடையே அமர்த்திவிடும். கார் ஓட்டுகையில் ஸ்போரனைப் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொள்ளலாம். தினசரிக்குச் சாதாரணத் தோல் ஸ்போரன், கம்பளி ஸ்வெட்டர், பூட்ஸ் பொருந்தும். ரோமம் வைத்த ஸ்போரன் மாலை விருந்துக்கானது.

இரண்டு கில்ட் இருந்தால் மாற்றி மாற்றி அணியலாம். ஒருநாள் கிளிப் ஹேங்கரில் தொங்கினால் கம்பளியின் கசங்கல் பெரும்பாலும் தானே நீங்கிவிடும். மீதிக்கு, ஒவ்வொரு கொசுவத்தையும் விளிம்பருகே ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தி, ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். பிறகு தையலைப் பிரித்துவிடலாம்.