22 பிள்ளைங்கதான் இருக்கு, ஸ்கூலை மூடிடலாமா?

கேள்வி: அண்ணே, எங்க தோட்டத்து தமிழ்ப்பள்ளியில மொத்தமே 22 பிள்ளைங்க. டவுன் ஸ்கூலோட சேர்த்துடலாம்னு சில பேரு பேசுறாங்க. அமெரிக்காவுல இருக்குற எங்க சித்தப்பா மகனும், அங்க சின்ன சின்ன ஸ்கூல் டிஸ்திரிக்ட்டை எல்லாம் ஒண்ணாக்கிட்டாங்க, நீங்க ஏன் அழுவுறீங்கன்னு கேக்குறாரு. ஒத்துக்கலாமா?
– வாசகி, நிபோங் திபால், மலேசியா

பதில்: மூடுறதுக்கு சைன் போடாதீங்க தங்கச்சி. அதுக்காக அதே எடத்துலதான் இருக்கணும்னும் அடம் புடிக்காதீங்க. பிள்ளைங்க எங்க இருக்காங்களோ அந்த தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, ஸ்கூலை மாத்தச் சொல்லி கேளுங்க.

அமெரிக்கா கதை வேற. அங்க டிஸ்திரிக்ட்னா ஸ்கூல் இல்ல, தனி போர்டு, தனி அதிகாரி, ஊர்க்காரங்க கட்டுற சொத்து வரியிலயும் ஓடுற ஒரு நிர்வாகம். 1930கள்ல ஒரு லட்சத்துக்கு மேல இருந்தது, இப்ப 13,000 சொச்சம். அர்கன்சா மாநிலத்துல 2004ல சட்டமே போட்டாங்க, ரெண்டு வருஷம் தொடர்ந்து 350 பிள்ளைங்களுக்கு கீழ இருந்தா வேற டிஸ்திரிக்ட்டோட சேர்ந்தே ஆகணும்னு, அப்புறம் 2015ல விலக்கு கேக்கலாம்னு கொஞ்சம் தளர்த்துனாங்க. அங்க நிர்வாகம் ஒண்ணானாலும் ஸ்கூல் கட்டடம் அதே எடத்துல நடக்கலாம். நமக்கு அந்த மாதிரி டிஸ்திரிக்ட் போர்டும் கெடையாது, ஸ்கூலுக்குன்னு தனி வரியும் கெடையாது, வாத்தியார் சம்பளம் மினிஸ்ட்ரி குடுக்குது, அதனால நம்ம ஊர்ல சேர்க்கறதுன்னா பூட்டு போடறதுதான்.

ஆனா 22 பேரோட ஓட்டுறதும் லேசு இல்ல லா. 150க்கு கீழ போனாலே குறைஞ்ச மாணவர் பள்ளி, 30க்கும் கீழன்னா கெலாஸ் பெர்சந்தும், அதாவது ரெண்டு ஆண்டுப் பிள்ளைங்களை ஒரே வகுப்புல சேர்த்து நடத்துறது. டீச்சர் எழுதுற பலகைக்கு நடுவுல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் மூணாம் ஆண்டு கணக்கு, அந்தப் பக்கம் நாலாம் ஆண்டு கணக்குன்னு நடத்துவாங்க, மூணாம் ஆண்டுல ஒரு சூட்டிகையான பொண்ணு தன் வேலைய முடிச்சிட்டு நாலாம் ஆண்டு பசங்களுக்கு பதில் எடுத்துக் குடுத்துட்டு இருக்கும். அந்தப் பொண்ணுக்கு நல்லதுதான், மத்தவங்களுக்கு? காற்பந்து டீம் கூட சேராது.

1957ல 888 தமிழ்ப்பள்ளி இருந்துச்சு இப்ப 520 சொச்சம்தான்னு மேடைக்கு மேடை பொலம்புறாங்க. எனக்கு அந்தக் கணக்குல பெரிய வருத்தம் இல்ல. அதுல எத்தனையோ தோட்டத்து ஓரத்துல கெடந்த குட்டி ஸ்கூல், தோட்டத்தை துண்டு போட்டு வித்தாங்க, நம்ம ஆளுங்க டவுனுக்கு வந்துட்டாங்க, இப்ப செம்பனை வெட்டுறது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளிங்க. ஆளே இல்லாத எடத்துல ஸ்கூலை வச்சிக்கிட்டு என்ன செய்ய? வருத்தம் வேற எடத்துல. மூடுன ஸ்கூலோட லைசன்ஸ் போனா போனதுதான், புதுசா ஒண்ணு வாங்கறது குதிரைக் கொம்பு. மாத்திக் கட்டுனா லைசன்ஸ் உயிரோட இருக்கும். அப்படி தோட்டத்துலேர்ந்து தாமானுக்கு வந்து நல்லா நெறைஞ்ச ஸ்கூல் நம்ம நாட்டுல இருக்கு.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல தீர்மானம் போட்டு பிபிடிக்கு, அதாவது மாவட்ட கல்வி ஆபீஸுக்கு, எழுத்துல குடுங்க. வேன் யாரு விடுறது, காசு யாரு கட்டுறதுன்னும் அதுலயே கேளுங்க, வாய்ல சொன்னா ஒத்துக்காதீங்க.

கேள்வி: மூடிட்டா ஸ்கூல் நெலம் யாருக்கு?
– அதே வாசகி

பதில்: பந்துவான் பெனுஹ்னா, அதாவது முழு உதவி பெற்ற பள்ளின்னா, அரசாங்க நெலம். பந்துவான் மோடால்னா, அதாவது பகுதி உதவி பெற்ற பள்ளின்னா, பெரும்பாலும் தோட்டக் கம்பெனியோடதோ பள்ளி வாரியத்தோடதோ. கிராண்ட், அதாவது நெலப் பட்டா, யாரு பேர்ல இருக்குன்னு நெல ஆபீஸ்ல தேடிப் பாத்துடுங்க, மீட்டிங்குக்கு முன்னாடியே.