கணினியில் உள்ள கடிதம் கைப்பேசியில் ஏன் இல்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாங்கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அலுவலகக் கணினியில் தண்டர்பேர்ட் மூலம் மின்னஞ்சல் பார்க்கிறோம். அதே ஜிமெயில் முகவரியை முதலாளி தம் கைப்பேசியிலும் வைத்திருக்கிறார். பழைய கடிதங்கள் கணினியில் இருக்கின்றன, கைப்பேசியில் இல்லை. நாங்கள் அனுப்பும் பதில்களும் அவருக்குத் தெரிவதில்லை. இதனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே விலைப்பட்டியல் இரண்டு முறை சென்றுவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், கணக்கு, கடிதங்களைக் கணினிக்கு இறக்கித் தரும் பாப்3 முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். உறுதி செய்துகொள்ள, தண்டர்பேர்டின் கணக்கு அமைப்புகளில் சர்வர் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து போர்ட் எண்ணைப் பாருங்கள். 995 அல்லது 110 என்றிருந்தால் அது பாப்3. 993 அல்லது 143 என்றிருந்தால் மற்றொரு முறையான ஐமேப்.

கடிதத்தைச் சர்வரிலிருந்து ஒரு கணினிக்கு இறக்கிக் கொடுப்பதோடு பாப்3-இன் வேலை முடிந்துவிடுகிறது. இறக்கிய உடனேயோ குறிப்பிட்ட நாட்கள் கழித்தோ சர்வரில் உள்ள பிரதியை நீக்கும்படி மென்பொருளில் அமைத்திருந்தால், அதற்குப் பிறகு அந்தக் கடிதம் உங்கள் மேசைக் கணினியில் மட்டுமே இருக்கும். அனுப்பிய கடிதத்தைச் சர்வரில் கொண்டுபோய் வைப்பதற்கு அந்த முறையில் வழியே கிடையாது. மார்க் கிரிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய ஐமேப் இதற்கு நேர்மாறானது. அதில் மூலப்பிரதி சர்வரிலேயே இருக்கிறது, கணினியும் கைப்பேசியும் அதைப் பார்க்கும் சாளரங்களாக மட்டுமே செயல்படுகின்றன. ஒரே முகவரியை ஒருவருக்கு மேல் கையாளும் எந்த வணிக நிறுவனத்திற்கும் பாப்3 ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

மாறுவது கடினமல்ல, ஆனால் அவசரப்பட்டுப் பழைய கணக்கை நீக்கிவிடாதீர்கள். பல ஆண்டுக் கடிதங்களுக்கு உலகிலேயே ஒரே பிரதி அந்தக் கணினியில் இருக்கக்கூடும். முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, கடிதங்களும் அமைப்புகளும் சேமிக்கப்பட்டிருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுமையாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, பழைய கணக்கில் தானாகப் புதிய கடிதங்களைத் தேடும் வசதியை நிறுத்திவிட்டு, அதே முகவரியை ஐமேப் கணக்காகத் தனியே சேருங்கள். ஒரு பாப்3 கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்றும் வசதி தண்டர்பேர்டில் இல்லை. பிறகு பழைய கடிதங்களை ஆண்டுவாரியாகத் தேர்ந்தெடுத்து ஐமேப் கணக்கின் ஃபோல்டர்களுக்கு நகலெடுங்கள். இடம்பெயர்க்க வேண்டாம், நகலே போதும். ஒவ்வொரு ஆண்டின் கடிதங்களும் ஏறியபின், பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து அவை வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே அடுத்த ஆண்டுக்குச் செல்லுங்கள். மாம்பழப் பருவத்தில் கடிதங்கள் குவிந்துகொண்டிருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காமல், ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு விடுமுறை நாளில் செய்வது நல்லது.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் கடிதங்களுக்கு மட்டுமன்று. கூகுள் டிரைவும் கூகுள் போட்டோஸும் அதிலேயே பங்கு போடுகின்றன. முதலாளியின் கைப்பேசிப் படங்கள் அதே கணக்கில் சேமிக்கப்பட்டு இடம் நிறைந்துவிட்டால், புதிய கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஆகவே பழைய கடிதங்களை ஏற்றுவதற்கு முன்பே எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். மற்றொன்று, ஐமேப் முறையில் ஒருவர் அழித்தால் எல்லோரிடமும் அழியும். ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் வரை மட்டுமே அது மீட்கக் கிடைக்கும் என்பதை அலுவலகத்தில் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் வழக்குரைஞர் அலுவலகத்தின் பழைய கணினியைப் பழுது பார்த்து மென்பொருளை மீண்டும் நிறுவினோம். அதன் பிறகு ஜிமெயில் கணக்கு கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பிரவுசரில் அதே கடவுச்சொல் வேலை செய்கிறது.
– வாசகி, தருமபுரி

பதில்: கடவுச்சொல் சரியானதே, அதைக் கொடுக்கும் முறைதான் இப்போது ஏற்கப்படுவதில்லை. கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பிற மென்பொருள்கள் நுழைவதைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டும் அவுட்லுக்.காம் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அவ்வாறே செய்தது. தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சர்வர் அமைப்புகளில் அங்கீகார முறையை ஓஆத்2 என்று மாற்றுங்கள். மென்பொருளிடம் கடவுச்சொல்லைத் தராமல், கூகுளின் நுழைவுப் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தரும் முறை இது. கடிதம் அனுப்பும் சர்வருக்கும் தனியே மாற்ற வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த மென்பொருளில் குக்கிகள் (இணையதளங்கள் கணினியில் சேமிக்கும் சிறு தகவல்கள்) தடுக்கப்பட்டிருந்தால் கூகுளின் நுழைவுப் பக்கம் நிறைவேறாது என்பதால் அதையும் பாருங்கள். ஓஆத்2 வசதியே இல்லாத பழைய மென்பொருள் என்றால், கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அந்த மென்பொருளுக்கென்றே 16 எழுத்துகள் கொண்ட ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி, அதைக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இடலாம்.

பழைய கணினி என்பதால் தேதியையும் ஒருமுறை பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்து ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி நம்ப மறுக்கும். ஆனால் அப்போது வருவது சான்றிதழ் எச்சரிக்கையாக இருக்கும்.

கேள்வி: ஐமேப் கணக்குதான் வைத்திருக்கிறேன். ஒரு ஃபோல்டரில் மட்டும் கடிதத் தலைப்பைத் தொட்டால் உள்ளே வெறுமையாக இருக்கிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: முதலில் அந்தக் கடிதத்தைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே முழுமையாக இருந்தால் கடிதத்துக்கு ஆபத்தில்லை. உங்கள் கணினியில் அந்த ஃபோல்டருக்கான அட்டவணைக் கோப்பு சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். தண்டர்பேர்டில் ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்து, பண்புகள் பக்கத்தில் உள்ள ‘ரிப்பேர் ஃபோல்டர்’ பொத்தானை அழுத்தினால் அது புதிதாக உருவாகும். சர்வரிலிருந்து மீண்டும் இறக்க நேரும் என்பதால், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது செய்யாதீர்கள். பிரவுசரிலும் கடிதம் வெறுமையாகவே இருந்தால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை. அனுப்பியவரிடம் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.