பந்து பட்ட இடம்

வணக்கம் அம்மா,

2025 ஜூன் 8 ஞாயிறு, பாரீஸில் செம்மண் தரையில் நடக்கும் பிரெஞ்ச் ஓபன் டென்னிஸின் இறுதி ஆட்டத்தை மச்சான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நான் இத்தாலியின் சின்னர் கட்சி, அவர் ஸ்பெயினின் அல்காரஸ் கட்சி. நான்காவது செட்டில் சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட் (ஒன்றை எடுத்தாலே கோப்பை) வந்தபோது எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், அல்காரஸ் மீண்டு வந்து ஜெயித்துவிட்டார். "எல்லாம் அதிர்ஷ்டம்" என்றேன். "போய்யா, இவன் நடாலோட 14 பாரீஸ் கோப்பையைத் தாண்டுவான்" என்றார் மச்சான். "நடாலே செம்மண்ணில் மட்டும்தான் ராஜா, மற்ற தரையில் சுமார்தான்" என்று நானும் விட்டேன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது என் மனைவி. அல்காரஸ் 14-ஐத் தொடுவாரா, மாட்டாரா? எங்களில் யார் சொன்னது சரி? நம் ஆட்களுக்கு மண் தரை ஏன் ஒத்துவருவதே இல்லை என்பதையும் எழுதுங்கள்.

பி.கு: பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்ல மற்ற ஊர்களில் எல்லாம் மெஷின் வந்துவிட்டது. பாரீஸில் மட்டும் இன்னும் அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பந்து பட்ட தடத்தைக் குனிந்து பார்க்கிறாரே, காமெடியாக இல்லையா?

வாசகர், அருவங்காடு

அன்புள்ள தம்பி,

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஆனால் அருவங்காட்டில் டென்னிஸுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட மச்சான்மார் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? அவர் இதைப் படித்தால் முதல் வரியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார். அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் சில்லறைக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். நடால் மற்ற தரையில் சுமாரா? விம்பிள்டன் 2, அமெரிக்க ஓபன் 4, ஆஸ்திரேலிய ஓபன் 2, ஆக மொத்தம் 8. அமெரிக்காவின் பழைய சாம்பியன் மெக்கன்ரோ வாழ்நாள் முழுக்க ஆடி ஒற்றையரில் வென்ற பெரிய கோப்பைகளே 7. அவரைச் சுமார் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் அப்பா வயதில் இருக்கிறவர்கள் அடிக்க வருவார்கள். பாரீஸில் நடால் ஆடியது 116 ஆட்டம், தோற்றது 4. 2025-இல் போட்டி தொடங்கிய நாளில் அவருடைய காலடித் தடத்தைப் பதித்த பலகை ஒன்றை அந்த மைய கோர்ட்டிலேயே வைத்துவிட்டார்கள். பெடரர், ஜோகோவிச், மர்ரே மூவரும் வந்து நின்றார்கள். அவரிடம் அங்கே தோற்றவர்களே வந்து மரியாதை செய்திருக்கும்போது அருவங்காட்டிலிருந்து நீங்கள் தள்ளுபடி கேட்கிறீர்கள்.

அதிர்ஷ்டம் என்ற பேச்சை இரண்டாம் முறை எடுக்காதீர்கள். நான்காவது செட், சின்னர் 5-3 முன்னிலை, அல்காரஸ் சர்வ், 0-40, அதுதான் அந்த மூன்று பாயின்ட். அங்கிருந்து மீண்டு வந்தது அதிர்ஷ்டம் என்றால், ஐந்தாவது செட்டில் அல்காரஸ் 5-4 என்று ஆட்டத்தை முடிக்க சர்வ் போட வந்தபோது சின்னர் அதைப் பறித்துக்கொண்டாரே, அது என்னவாம்? 5 மணி 29 நிமிஷம் ஆடியிருக்கிறார்கள். பாரீஸில் அவ்வளவு நீண்ட இறுதி ஆட்டம் நடந்ததே இல்லை. அதைப் பார்த்துவிட்டு வாயில் வந்த ஒரே சொல் இதுதானா? சின்னர் கட்சிக்காரரான நீங்கள் சின்னருக்குச் செய்கிற துரோகம் அது.

சரி. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே உங்கள் பின்குறிப்பால்தான். கொஞ்ச நாளாகவே அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். காமெடி என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை.

என் அப்பா குன்னூர்ப் பக்கம் தோட்டத்துத் தொரைமார் வந்துபோகும் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தார். கோர்ட்டைப் பார்த்துக்கொள்வது, ஆள் குறைந்தால் எதிரில் நின்று ஆடிக்கொடுப்பது, பந்து பொறுக்கும் பையன்களை மேய்ப்பது, மேட்ச் என்றால் ஸ்கோர் சொல்வது, எல்லாம் மார்க்கர் வேலை. காலையில் பனி வடியும்வரை யாரையும் கோர்ட்டில் கால் வைக்க விடமாட்டார். ஈரத்தில் மிதித்தால் குதிகால் குழி விழும், காய்ந்த பிறகு அந்த இடத்தில் பந்து கோணலாக எழும்பும். வெயில் ஏறியதும் கோணிச்சாக்கை இழுத்து மேட்டையும் பள்ளத்தையும் சமன் செய்வார். சலித்த செங்கல் பொடியைத் தூவி, பூவாளியில் தண்ணீர் தெளித்து, தோட்டக்காரரும் அவருமாக ரோலர் இழுப்பார்கள். கடைசியாக நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு. இத்தனையும் சாயங்காலம் இரண்டு மணி நேர ஆட்டத்துக்காக. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் போச்சு, கோர்ட்டில் பாசி படர்ந்துவிடும்.

பாரீஸிலும் மேலே கிடப்பது செங்கல் பொடிதான். டிவியில் பார்த்தால் அடிவரைக்கும் செம்மண் போலத் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை. நீங்கள் சிரிக்கிற தடம் விழுவது அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்.

பள்ளி விட்டதும் அப்பாவுக்குக் காப்பித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போவேன். உள்ளே போகக்கூடாது, வேலிக்கு வெளியே புல்லில் உட்காரலாம். அப்படி ஒரு நாள் ஒரு பெரிய தொரைக்கும் ஊட்டியிலிருந்து வந்த டாக்டருக்கும் மேட்ச். டாக்டர் அடித்த பந்து தொரை பக்கம் பின்கோட்டில் விழுந்தது. தொரை அவுட் என்றார். டாக்டர் கோட்டில் பட்டது என்றார். குரல் ஏறியது. அப்புறம் இரண்டு பேரும் அப்பா பக்கம் திரும்பினார்கள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி நடந்து போனார். குந்தி உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எழுந்து இரண்டடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொரை வந்து குனிந்து பார்த்தார். எனக்கு வேலியிலிருந்தே தெரிந்தது, வெள்ளைக் கோட்டின் வெளி ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து சிவப்பு தெரிந்தது. தொரை நிமிர்ந்தார். ஷூ முனையால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தார். டாக்டரைப் பார்த்து "உங்கள் பாயின்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குப் போய் நின்றுகொண்டார்.

அன்று ராத்திரி அம்மா கேட்டாள், பார்த்ததை வாயால் சொன்னால் என்ன என்று. "நான் சொன்னா எதிர்த்துப் பேசினேன்னு ஆகும். அவரே வந்து பார்த்தா வம்பு இல்லை" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார், சோற்றைப் பிசையத் தொடங்கிவிட்டார்.

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் சுருக்கென்றது என்று? தொரையை எதிர்த்துப் பேசவும் முடியாத ஒருவர், ஒரு சொல் பேசாமல் அவரை நடக்கவைத்து, குனியவைத்து, ஒப்புக்கொள்ளவும் வைத்திருக்கிறார். புல்தரையில் அது நடக்காது. சிமென்ட் தரையிலும் நடக்காது.

மெஷினுக்கும்தான் தொரையைக் கண்டு பயமில்லையே என்பீர்கள். உண்மை. மெஷின் கண் அம்பயர் கண்ணைவிடக் கூர்மை என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. தடமும் எப்போதும் நேர்மையாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். காய்ந்த கோர்ட்டில் பொடி சிதறித் தடம் அகலமாகத் தெரியும், ஈரம் இருந்தால் ஒடுங்கிக் கிடக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்த நீண்ட ரேலி முடிந்தபின் பத்துத் தடம் கிடக்கும், கடைசிப் பந்தின் தடம் எது என்று கண்டுபிடிப்பதே ஒரு வித்தை. உயரத்திலிருந்து விழுந்த பந்து வட்டமாகப் பதியும், தட்டையாக வேகமாக வந்தது நீளமாக இழுத்திருக்கும். அடி எப்படி வந்தது என்று மனதில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். அப்பா அப்படித்தான் தேடுவார். பெரிய அம்பயர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள். நீங்கள் காமெடி என்றது அந்த வேலையைத்தான்.

ஆனால் மெஷின் வந்ததும் என்ன ஆயிற்று பாருங்கள். 2025-லிருந்து ஏடிபி என்கிற ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் போட்டிகளில் மண் தரைக்கும் மெஷின்தான். அந்த ஏப்ரலில் மாட்ரிட்டில் ஜெர்மனியின் ஸ்வெரெவ் ஆடிக்கொண்டிருக்கிறார். எதிராளியின் பந்து உள்ளே என்று மெஷின் சொல்கிறது. தடம் வெளியே கிடப்பதாக இவருக்குத் தெரிகிறது. அம்பயரைக் கூப்பிடுகிறார், இறங்கிப் பார்க்க விதியில்லை. கடைசியில் பையிலிருந்து போனை எடுத்துத் தடத்தைப் போட்டோ பிடித்தார். அதற்கு ஒரு எச்சரிக்கை வாங்கிக்கொண்டார். மெஷின் சொன்னது சரியாகவே இருக்கட்டும். அந்த மனுஷன் தன் கண்ணால் பார்த்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? கண் முன்னால் தடத்தையும் போட்டுவிட்டு, அதைப் பார்க்காதே என்று சொன்னால் எப்படி?

மண் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். தன் பக்கம் விழுந்த பந்து உள்ளே என்று தெரிந்துவிட்டால் ஆட்டக்காரர் காலால் அதை அழித்துவிடுவார். அழித்தால் வழக்கு முடிந்தது, ஒப்புக்கொண்டாயிற்று. எதிராளி வலையைத் தாண்டி வந்து பார்க்கவும் கூடாது, வந்தால் குற்றம். அதாவது, உன் பக்கத்துத் தடத்துக்கு நீதான் காவல். எதிராளிக்குச் சேர வேண்டிய பாயின்டை உன் காலாலேயே எழுதிக்கொடுக்க வேண்டும். டிவியில் அது அரை வினாடி. கேமரா அதற்குள் கூட்டத்தைக் காட்டப் போய்விடும். நான் ஆட்டம் பார்ப்பதே பாதி அந்த அரை வினாடிக்குத்தான். மெஷின் வந்த ஊரில் அழிப்பதற்கு அர்த்தமே இல்லை, சும்மா தரையைச் சுத்தம் செய்கிறார்கள்.

1982-இல் பாரீஸ் அரையிறுதி. ஸ்வீடனின் மாட்ஸ் விலாண்டர், வயது 17, எதிரில் அர்ஜென்டினாவின் கிளெர்க். மேட்ச் பாயின்ட். கிளெர்க் அடித்தது அவுட் என்று அறிவித்தாயிற்று, ஆட்டம் முடிந்தது. பையன் அம்பயரிடம் போய், அந்தப் பந்து உள்ளே விழுந்தது, இப்படி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டான். அந்தப் பாயின்டை மறுபடி ஆடினார்கள். அதையும் ஜெயித்தான், அப்புறம் இறுதியில் அர்ஜென்டினாவின் விலாஸைத் தோற்கடித்துக் கோப்பையையும் எடுத்தான். உங்கள் மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள், அல்காரஸ் ரசிகர் என்றால் அவருக்குப் பிடிக்கும். 2025-இல் பாரீஸில் அமெரிக்காவின் ஷெல்டனோடு ஆடும்போது அல்காரஸ் கையிலிருந்து ராக்கெட்டை வீசிப் பந்தைத் தொட்டார், பாயின்ட் அவருக்கே வந்தது. அவராகவே அம்பயரிடம் போய், ராக்கெட் என் கையில் இல்லை என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

நம் ஆட்களுக்கு மண் ஒத்துவராது என்று யார் சொன்னது? 1979-இல் பாரீஸில் ஜூனியர் பட்டம் எடுத்தவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். 1999-இல் அங்கேயே பயஸும் பூபதியும் இரட்டையர் கோப்பையைத் தூக்கினார்கள். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 இறுதியை மனதில் வைத்துக் கேட்டிருந்தால் கேட்டது நியாயம். சிட்னியில் புல்தரையில் ஆஸ்திரேலியாவைச் சாய்த்துவிட்டுப் போன நம் அணிக்கு ஸ்வீடன்காரர்கள் கோத்தன்பர்க்கில் கூரைக்கு அடியில் மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள். 5-0 என்று தோற்றோம். அந்த ஸ்வீடன் அணியிலும் இதே விலாண்டர் இருந்தார், என்ன செய்வது, அவர்மேல் கோபிக்கவும் முடியவில்லை. எந்தத் தரை என்று முடிவு செய்வது சொந்த ஊர்க்காரன் உரிமை. அவர்களை நீலகிரிக்குக் கூட்டி வந்து ஆடச் சொல்லியிருந்தால் திணறியிருப்பார்கள். மாட்ரிட் வெறும் 650 மீட்டர் உயரம், அதற்கே பந்து பறக்கிறது என்று வருஷா வருஷம் புலம்பல். குன்னூர் 1800-க்கும் மேலே. சென்னையிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் முதல் நாள் எல்லாப் பந்தையும் வேலிக்கு அடிப்பார்கள், அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் மெதுவா சார்" என்பார்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முடித்தால் இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். 22 வயதில் நடால் கையில் பாரீஸ் கோப்பை நான்கு இருந்தது. அதே வயதில் அல்காரஸ் கையில் இரண்டு. அங்கிருந்து 14-க்கு இன்னும் பன்னிரண்டு வேண்டும். உங்கள் மச்சான் அவசரப்பட்டுவிட்டார். நடாலைப் பற்றி நீங்கள் சொன்னதோ அதைவிட மோசம், ஆகவே முதலில் போன் செய்ய வேண்டியவர் நீங்கள். அவர் எடுத்ததும் 14 பற்றிப் பேச்செடுத்தால், சின்னரை வைத்து மடக்குங்கள். அந்த இறுதி ஆட்டத்தன்று சின்னருக்கு வயது 23தான், இனியும் பாரீஸுக்கு வருவார்.

அன்புடன்.