கேள்வி பதில்: ஒரு நாள் விட்டுப்போனா என்ன ஆயிடும்?

கேள்வி: மேடம், எதை ஆரம்பிச்சாலும் எனக்கு ஒரு மாசம் தாண்ட மாட்டேங்குது. வாக்கிங், டைரி எழுதறது, புத்தகம் படிக்கிறது எல்லாமே அப்படித்தான். 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, நான் அதையும் தாண்டிப் போனேன், நடுவுல ஒரு நாள் காய்ச்சல்ல விட்டேன், அதோட சரி. எனக்கு மன உறுதியே இல்லையோ?

பதில்: முதல்ல அந்த 21-ஐ மறந்துடுங்க. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்குக் கண்ணாடில தெரியற புது முகம் பழக குறைஞ்சது 21 நாளாவது ஆகுதுன்னு கவனிச்சு 1960ல ஒரு புத்தகத்துல எழுதினார், அதுதான் வாய் மாறி வாய் மாறி எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் போதும்னு ஆயிடுச்சு. புது மூக்கு பழகறதுக்கும் நீங்க காலைல எழுந்து நடக்கறதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க?

நிஜமாவே இதை அளந்து பார்த்தவங்க இருக்காங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம் எடுத்துக்கச் சொல்லி 12 வாரம் கவனிச்சாங்க, 2009ல முடிவு வந்துச்சு. யோசிக்காம தானா செய்யற நிலைக்கு வர நடுவாந்தரமா 66 நாள், சிலருக்கு 18 நாள்லயே வந்துடுச்சு, சிலருக்குப் போற வேகத்தைக் கணக்குப் போட்டா 254 நாள் ஆகும்னு வந்துச்சு. தண்ணி குடிக்கிற மாதிரி சின்ன விஷயம் சீக்கிரம் ஒட்டிக்குது, உடற்பயிற்சி நேரம் எடுக்குது. உங்களுக்குத் தேவையான விஷயமும் அதுலயே இருக்கு: நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா எதுவும் கெட்டுப்போகல. காய்ச்சல் வந்த அன்னிக்கு நீங்க தோக்கவே இல்லம்மா. காய்ச்சல் விட்டதும் "எல்லாம் போச்சு, இனி ஒண்ணாம் தேதிலேர்ந்து பார்த்துக்கலாம்"னு தோணிருக்கும் பாருங்க, அங்கதான் விட்டீங்க. அடுத்த தடவை உடம்பு தேறின அன்னிக்கே வாசல் வரைக்குமாவது செருப்பு மாட்டிட்டுப் போயிட்டு வாங்க, அன்னிக்கு அது போதும்.

கேள்வி: காலைல சீக்கிரம் எழுந்து படிக்கணும்னு நினைக்கிறேன் மேடம். எழுந்துக்கறேன், ஆனா போன் பார்த்தே ஒரு மணி நேரம் போயிடுது. மனசைக் கட்டுப்படுத்த ஏதாவது வழி?

பதில்: மனசை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி, முதல்ல போன் எங்க இருக்குன்னு பாருங்க. அலாரம் அடிக்குது, கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடியே கை தலகாணி பக்கம் போகுது, அலாரத்தை நிறுத்தின அதே கட்டைவிரல் மேல ஒரு இழுப்பு, ராத்திரி வந்த மெசேஜ் ஏழு, அதுல ஒண்ணுல ஒரு வீடியோ லிங்க், அவ்ளோதான். இதுல எந்த இடத்துலயாவது நீங்க முடிவு எடுத்தீங்களா? இல்லவே இல்ல. வெண்டி வுட்ங்கிற உளவியல் பேராசிரியர் மாணவர்களை மணிக்கு ஒரு தடவை அப்ப என்ன செய்யறாங்கன்னு எழுதச் சொல்லிப் பார்த்தப்ப, 2002ல வந்த ஆய்வு அது, செஞ்சதுல கிட்டத்தட்ட 43 சதவீதம் தினமும் அதே இடத்துல நடக்கற பழக்க வேலைதான்னு தெரிஞ்சுது. இடம் மாறாம இருக்கிற வரைக்கும் கை அதே வழிலதான் போகும். அலாரத்துக்குன்னு தனியா ஒரு கடிகாரம் வாங்குங்க, சார்ஜரை வேற ரூம்ல மாட்டுங்க, படிக்க வேண்டிய பக்கத்தை ராத்திரியே தொறந்து மேசைல வச்சுட்டுப் படுங்க. முதல் நாலஞ்சு நாள் கை தலகாணியத் தடவும், தடவட்டும்.

கேள்வி: எனக்கு 47 வயசு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்வாங்களே, இனிமே நான் மாற முடியுமா?

பதில்: முடியும், நான் இதை ஆறுதலுக்குச் சொல்லல. வியட்நாம் போர்லேர்ந்து 1971ல ஊர் திரும்பின அமெரிக்க சிப்பாய்களை லீ ராபின்ஸ்ங்கிற ஆய்வாளர் தேடித்தேடிப் பேசினாங்க, அவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் அங்க இருந்தப்ப ஹெராயினுக்கு அடிமையா இருந்தவங்க. அப்படி அடிமையா இருந்தவங்கள்ல முதல் வருஷத்துல மறுபடி அடிமையானது 5 சதவீதம் மாதிரிதான். இடம் மாறிச்சு, கூட இருந்தவங்க மாறினாங்க, பயம் போச்சு, அதோட சேர்ந்து அவ்ளோ பெரிய பழக்கமே விட்டுப்போச்சு. அதனால "நான் இப்படித்தான்"னு முத்திரை குத்திக்கறதுக்கு முன்னாடி எந்த இடத்துல, யார் கூட இருக்கும்போது அந்தப் பழக்கம் வருதுன்னு ஒரு வாரம் குறிச்சுப் பாருங்க. ஒண்ணு மட்டும், நீங்க கேக்கறது குடி பத்தின்னா தனியா திடீர்னு நிறுத்தாதீங்க, ரொம்ப நாளா நிறைய குடிச்சவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டரைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

கேள்வி: வேலை முடிஞ்சு வந்ததும் பையன் மேல கத்திடறேன், அப்புறம் அழறேன். இனிமே கோபப்படக் கூடாதுன்னு தினமும் நினைக்கிறேன், நடக்க மாட்டேங்குது.

பதில்: கூடாதுன்னு நினைக்கிறது அந்த நேரத்துக்குக் கைகொடுக்காதும்மா, என்ன செய்யணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் பல வருஷமா சொல்லிட்டு வர்றது இதுதான், இது நடந்தா நான் இதைச் செய்வேன்னு ஒரே வாக்கியமா முடிவு பண்ணி வச்சவங்க, வெறுமனே ஆசைப்பட்டவங்களை விட அதிகமா செஞ்சு முடிக்கிறாங்க. உங்களுக்கு: "சாவியை மாட்டினதும் நேரா போய் மூஞ்சி கழுவுவேன், அதுக்கப்புறம்தான் ஹோம்வொர்க் பத்திக் கேப்பேன்." பையன்கிட்டயும் இதைச் சொல்லி வைங்க, அம்மா மூஞ்சி கழுவிட்டு வர்ற வரைக்கும் எதுவும் கேக்க வேணாம்னு. மீறிக் கத்திட்டீங்கன்னா அன்னிக்கு ராத்திரியே அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க, மறுநாள் மறுபடி சாவி, மூஞ்சி, ஹோம்வொர்க்.