முட்டையும் இல்லை, கடலையும் இல்லை. பிறகு ஏன் தடிப்பு வந்தது?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 6 வயது. முட்டை, வேர்க்கடலை இரண்டும் அலர்ஜி. 11 வயது மகளுக்கு சீலியாக் நோய், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவள் குடலுக்கு ஆகாது. கணவருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். மாமியாருக்கு 64 வயது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, குளூட்டன் இல்லாத மாவுக் கலவை ஒன்றை வாங்கி, முட்டை போடாமல் சாக்லேட் பிரௌனி செய்தேன். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகனுக்குப் பத்தே நிமிடத்தில் வாயைச் சுற்றித் தடிப்பு, பிறகு இரண்டு முறை வாந்தி. அலர்ஜி சிரப் கொடுத்தேன், அடங்கிவிட்டது. கலவையின் உறையில் அச்சாகியிருந்தவை: அரிசி மாவு, லூபின் மாவு, மரவள்ளி ஸ்டார்ச், சாந்தன் கம். இதில் கடலையே இல்லையே? பாதாம் மாவுக்கு மாறிவிடலாமா? நன்றாக வெந்த முட்டை சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறார்களே, பிரௌனியில் போட்டுப் பார்க்கலாமா? வீட்டில் எல்லோரும் சாப்பிடும்படி ஒரே பிரௌனி செய்யத்தான் முடியுமா?

பதில்: உறையில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதல் சந்தேகம் அந்த லூபின் மாவின் மேல்தான். லூபின் ஒரு பயறு. வேர்க்கடலையும் கொட்டை அல்ல, பயறு வகைதான். இரண்டின் புரதங்களுக்கும் சாயல் உண்டு. அதனால் வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு லூபினும் ஒத்துக்கொள்ளாது. கோதுமை இல்லாத மாவில் புரதம் குறைவு என்பதால், அதை ஈடுகட்ட லூபினைச் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் லூபினும் ஒன்று. எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. ஆகவே 'கடலை இல்லை' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாலும், கீழே பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். லூபின்தான் காரணம் என்று பரிசோதனை இல்லாமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அது முடியும்வரை மகனுக்கு லூபின் வேண்டாம்.

பிரௌனியைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாத பொருளைச் சாப்பிட்ட சில நிமிடங்களில் தோலில் தடிப்பும் திரும்பத் திரும்ப வாந்தியும் சேர்ந்து வந்தால், அதை வெறும் அலர்ஜி என்று விட்டுவிடக் கூடாது. அனஃபிலாக்சிஸ் எனும் கடும் ஒவ்வாமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறல் இல்லையே என்பது ஆறுதல் அல்ல. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில். சிரப் அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும். குறையும் ரத்த அழுத்தத்தையோ இறுகும் மூச்சுக்குழாயையோ சரிசெய்யாது. இந்த முறை தானாக அடங்கியிருக்கிறது. அடுத்த முறையும் அப்படியே அடங்கும் என்று நம்ப முடியாது. மகனின் எடைக்கு ஏற்ற அட்ரினலின் ஊசி வீட்டில் இருக்கிறதா, எப்போது போட வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறீர்களா என்று இந்த வாரமே அலர்ஜி மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி போட்ட பிறகும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும், மூச்சு வாங்கினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள்.

இனி பிரௌனி. முடியும், ஒரே தட்டில் முடியும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது ஒரே வகைப் பிரச்சினை அல்ல. மகனுக்கு ஒரு துளி போதும், நிமிடங்களில் ஆபத்து. மகளுக்கு உடனே ஒன்றும் தெரியாது. குடலில் சேதம் மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் உறிஞ்சிகள் பாதிக்கப்படும் என்று ஆய்வில் தெரிய வந்திருக்கிறது; ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது அதைவிடப் பல மடங்கு. எனவே 'மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பதை வைத்து எந்த உணவையும் பாதுகாப்பானது என்று முடிவு செய்யாதீர்கள். கணவருக்கு இருப்பது, பரிசோதனையில் உறுதியானால், லாக்டோஸ் செரியாமை, அதாவது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் போவது. சங்கடம்தான், ஆபத்து இல்லை. மாமியாருக்கு எந்தப் பொருளும் விலக்கு அல்ல, அளவுதான் கணக்கு. ஆக, மகனுக்கும் மகளுக்கும் பாதுகாப்பாகச் செய்துவிட்டால், மற்ற இருவருக்கும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பாதாம் மாவுக்கு மாற வேண்டாம். வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் பாதாமும் ஒத்துக்கொள்ளாது என்று கட்டாயம் இல்லை. ஆனால் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், பல ஆலைகளில் இரண்டையும் ஒரே இயந்திரத்தில் அரைக்கவும் செய்வார்கள். மகன் இதுவரை பாதாம் சாப்பிட்டதில்லை என்றால், முதல் சோதனை பிரௌனியில் நடக்கக் கூடாது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை முட்டைக்குப் பதில் அடித்து ஊற்றும் முறை ஒன்று உண்டு, மேல்பரப்பு பளபளவென்று வரும். அதுவும் பயறுதான், லூபின் விவகாரம் தெளியும்வரை ஒதுக்கி வையுங்கள். கடையில் கிடைக்கும் திரவ முட்டை மாற்றுகளில் சில, முட்டையின் வெள்ளைக் கருவிலிருந்தே செய்யப்பட்டவை. கொழுப்பு குறைக்க வந்த பொருள் அது, அலர்ஜிக்கு அல்ல.

சாக்லேட் கட்டிக்குப் பதிலாக இனிப்பில்லாத கோகோ தூள் போதும். கட்டி சாக்லேட் செய்யும் ஆலைகளில் பாலும் கொட்டைகளும் ஓடிய அதே குழாயில் டார்க் சாக்லேட்டும் ஓடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிசோதித்தபோது, பால் சேர்த்ததாகக் குறிப்பிடாத 88 டார்க் சாக்லேட்டுகளில் 51-இல் பால் இருந்தது. உங்கள் வீட்டில் பால் அலர்ஜி யாருக்கும் இல்லை. ஆனால் பால் எந்த வழியாக வந்ததோ அதே வழியாகத்தான் கடலையும் வரும்.

அளவுகள் 20 செ.மீ. சதுரத் தட்டுக்கு. நைசான அரிசி மாவு 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் அல்லது சோள ஸ்டார்ச் 40 கிராம், கோகோ 60 கிராம், சர்க்கரை 200 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சூரியகாந்தி எண்ணெய் 100 மில்லி. முட்டைக்குப் பதில் ஆளிவிதைப் பொடி 14 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அது இரண்டு முட்டைக்குச் சமம். அரிசி மாவிலும் பேக்கிங் பவுடரிலும் குளூட்டன் இல்லை என்ற அடையாளம் இருக்க வேண்டும். அந்த அடையாளத்துக்குச் சர்வதேச வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பேக்கிங் பவுடரா என்று அலட்சியமாக இருக்காதீர்கள். சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் இருக்கும்.

ஆளிவிதைப் பொடியில் 90 மில்லி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கரண்டியைத் தூக்கினால் வெள்ளைக் கரு போல இழுபட்டு விழ வேண்டும். விதையை முழுதாகப் போட்டால் இந்தப் பிசுக்கு சரியாக வராது. கோகோவில் 120 மில்லி வெந்நீர் ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சர்க்கரை, எண்ணெய், ஆளிவிதைக் கூழ் சேர்த்து, எண்ணெய் தனியே மினுங்காமல் ஒன்றாகும்வரை அடியுங்கள். பிறகு மாவு, ஸ்டார்ச், உப்பைச் சேர்த்து 25 நிமிடம் ஊறவிட வேண்டும். இந்த ஊறல்தான் பலர் தவறவிடும் இடம். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். ஊறாமல் அடுப்பில் வைத்தால் பல்லில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். பேக்கிங் பவுடரைக் கடைசியில் கலந்து, காகிதம் விரித்த தட்டில் ஊற்றி, முன்பே 180 டிகிரியில் சூடாக்கிய அடுப்பில் 26 முதல் 30 நிமிடம். நடுவில் குச்சி விட்டால் ஈரமான துகள் ஒட்டலாம், கூழ் ஒட்டக் கூடாது. பேக்கிங் பவுடருக்குப் பதில் பேக்கிங் சோடா போட்டுவிடாதீர்கள். காரத்தன்மை (அல்கலி) ஏற்றிய கருங்கோகோவில் சோடா வேலை செய்யப் புளிப்பு இல்லை. சோப்பு வாடைதான் மிஞ்சும்.

சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும். குளூட்டனும் முட்டையும் இல்லாத இடத்தில் பிடித்து நிற்பது பெரும்பாலும் ஸ்டார்ச்தான், அது ஆறினால்தான் இறுகும். இரண்டு மணி நேரம் பொறுங்கள். பசை மாதிரி சவசவவென்று வந்தால் ஸ்டார்ச்சோ ஆளிவிதையோ கூடிவிட்டது என்று பொருள். நடு குழிந்தால் பேக்கிங் பவுடர் அதிகம், அல்லது பாதியில் கதவைத் திறந்திருக்கிறீர்கள்.

சரியான பொருள்களை வாங்கியும் கெடுவது பெரும்பாலும் பாத்திரத்தில்தான். கோதுமை மாவு சலித்த சல்லடையைக் கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலையும் விளிம்பும் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அது மகளின் பிரௌனிக்குள் போகும். சல்லடை, மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் தட்டு மூன்றையும் இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று அதே சமையலறையில் கோதுமை மாவு பிசைய வேண்டாம். மாவுத்தூள் காற்றில் மிதந்து இறங்கும். கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். சானிடைசர் ஜெல் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது. அடுப்பின் சூட்டில் எல்லாம் அழிந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. குளூட்டன் சூட்டில் அழிவதில்லை. வேர்க்கடலையோ வறுத்தால் ஒவ்வாமைத் தன்மை கூடவே செய்யும்.

வெந்த முட்டை பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நன்றாக வெந்த கேக்கில் உள்ள முட்டை ஒத்துக்கொள்ளும். ஆனால் மருத்துவமனையில் அதைச் சோதிக்கும்போது கொடுப்பது கோதுமை மாவில் செய்து, 180 டிகிரியில் சுமார் அரை மணி நேரம் உள்வரை வெந்த சிறு கேக். முட்டைப் புரதம் கோதுமைப் புரதத்தோடு பிணைவதும் அதன் வீரியம் குறைய ஒரு காரணம். உங்கள் பிரௌனியில் கோதுமையே இல்லை. நடுப்பகுதி வேண்டுமென்றே குழைவாக விடப்படுகிறது. சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமில்லாத பண்டம் கிடையாது. வீட்டில் முயல வேண்டாம்.

மாமியாருக்கு வருவோம். குளூட்டன் இல்லாதது என்றால் சர்க்கரை ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் கோதுமையைவிட வேகமாகவே ஏற்றும். மேலே சொன்ன தட்டில், நார்ச்சத்தைக் கழித்தபின், மொத்தம் சுமார் 330 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 16 துண்டாக வெட்டினால் துண்டுக்கு 21 கிராம். 25 துண்டாக வெட்டினால் 13 கிராம். சர்க்கரையை 150 கிராமாகக் குறைத்தால் சிறு துண்டில் மிச்சமாவது 2 கிராம்தான், பிரௌனியோ வறண்டுபோகும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே சர்க்கரை. ஆகவே கையை வைக்க வேண்டியது கத்தியில், சர்க்கரை டப்பாவில் அல்ல. சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்தாலும் ரத்தச் சர்க்கரை கொஞ்சம் ஏறவே செய்யும், வயிறும் போகும். அதைச் சாப்பிட்டால் உங்கள் கணவரின் உப்புசமும் கூடும். மாமியாருக்கு 4 செ.மீ. துண்டு ஒன்று, வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டோடு, சோற்றிலோ ரொட்டியிலோ அதற்கு ஈடாகக் குறைத்துக்கொண்டு. பிரௌனி சாப்பிடப் போகிறோமே என்று வேளைச் சாப்பாட்டையே விட்டுவிட்டுக் கிளிமெபிரைடை மட்டும் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதை அவரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்.

மகனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது அந்த மாவுக் கலவையின் உறையையும், மிச்சம் இருந்தால் மாவையும் கொண்டு போங்கள். அலர்ஜி சிரப்பை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சிரப்பின் வேலை உடலில் மிச்சம் இருந்தால் தோல் சோதனையில் எதுவும் தடிக்காது, லூபின் மேல் குற்றமில்லை என்று தவறாகத் தீர்ப்பாகிவிடும்.